நடுகல்லும் இருபது முகப் பகடையும்

மேசையைச் சுற்றி அமர்ந்த நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, எழுந்து நடிக்காமல் பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் இங்கே வேடமேற்பு மேசையாட்டம் என்று குறிக்கப்படுகிறது. ஆடுவோரில் ஒருவர் நடத்துநர். நிலத்தையும் வானிலையையும் எதிரிகளையும் வழிப்போக்கர்களையும் அவர் பேசுவார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன சொல்கிறது, என்ன செய்கிறது என்பதை அறிவிப்பார்கள். அந்தச் செயல் பலிக்குமா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை உருளும். இவர்கள் அனைவருக்கும் முன்பாகத் தன் வேலையை முடித்துவிட்டு, ஆடும் அறைக்குள் வராமலே போகும் ஒருவர் உண்டு, அவரே வடிவமைப்பாளர். ஆட்டத்தின் விதிகளையும், கதை நிகழும் நிலத்தையும், அந்நிலத்து மனிதர்களின் ஆசை, பகை, கடன் ஆகியவற்றையும் எழுதிப் புத்தகமாக்குவது அவர் தொழில். நாவலாசிரியர் முடிவை எழுதுகிறார், நாடகாசிரியர் வசனத்தை எழுதுகிறார். வடிவமைப்பாளரோ அவ்விரண்டையும் முகமறியாத பிறருக்கு விட்டுவிட்டு, அவை பிறப்பதற்கான இடத்தை எழுதுகிறார். ஆகவே இக்கலையைச் சுவைக்க விரும்பும் ஒருவர், பக்கத்தில் அச்சானதோடு பக்கம் வேண்டுமென்றே விட்டுவைத்ததையும் சேர்த்துப் படிக்கப் பழக வேண்டியிருக்கிறது.

இத்தகைய படிப்புக்கு, மொரப்பூர் என்னும் ஊரை உள்ளடக்கிய தருமபுரி மண் புதியதன்று. பழந்தமிழ் மரபில் அதியமானின் தகடூராக அறியப்பட்ட இப்பகுதி நடுகற்களின் நிலம். ஆநிரை கவர வந்தவர்களை எதிர்த்து மாண்டவனுக்கும், ஊரைக் காக்கப் போரிட்டு விழுந்தவனுக்கும் எடுக்கப்பட்ட அந்த வீரக்கற்கள் வயல் ஓரங்களில் நிற்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் பல வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நடுகல் தருவது மிகக் குறைவு: ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் யாருடைய ஆள் என்பது, எதன்பொருட்டு விழுந்தான் என்பது, கையில் ஏந்திய கருவி. வேடமேற்பு ஆட்டத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கும் பாத்திரத் தாளும், அதாவது ஏற்ற பாத்திரத்தின் பெயர், குலம், வலிமை, கருவி, குறை ஆகியவற்றைக் குறித்த ஒற்றைத் தாளும், ஏறக்குறைய அதே சிக்கனத்தோடு அமைந்தது. கல் எதையும் வருணிப்பதில்லை. அதன் முன் நிற்பவர் மாடுகளின் புழுதியையும் அம்பின் விசையையும் தாமே நிரப்பிக்கொள்கிறார். நல்ல பாத்திரத் தாளும் ஆடுபவருக்கு அவ்வளவே தந்து, எஞ்சியதை அவரிடமே ஒப்படைக்கிறது.

பாரதக் கூத்து இதைவிட நெருங்கிய உறவு. வடதமிழகக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டிப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கணக்கில் நடக்கும் நிகழ்வில், கதையின் போக்கு எல்லோருக்கும் முன்பே தெரியும். சூதில் தருமர் தோற்பதும், அருச்சுனன் தபசு மரம் ஏறுவதும், தரையில் மண்ணால் படுக்கவைத்த துரியோதனன் உருவத்தருகே படுகளம் நிகழ்வதும் மாறப்போவதில்லை. மாறக்கூடியது இடையில் வரும் பேச்சு. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அன்றைய ஊர் நடப்பை இழுத்துவந்து அரசனோடு வம்பு பேசுகிறான். கூத்து வாத்தியார் கூட்டத்தின் மனநிலை அறிந்து ஓரிடத்தை நீட்டி வேறோரிடத்தைச் சுருக்குகிறார். கதையைக் கட்டிவைத்துப் பேச்சை அவிழ்த்துவிடும் கலை கூத்து என்றால், கதையின் கட்டையும் சேர்த்து அவிழ்த்துவிட்டு, அவிழ்த்த பின்னும் அது சிதறாமல் நிற்கும்படி செய்யும் கலை வேடமேற்பு ஆட்ட வடிவமைப்பு. தருமர் பகடையைத் தொட மறுத்துவிட்டால் என்ன நடக்கும் என்ற கேள்விக்குக் கூத்தில் இடமில்லை. இந்த ஆட்டத்தில் அதுவே முதல் கேள்வி.

இக்கலையின் அச்சு வரலாறு நீண்டதன்று. 1824-இல் பிரஷ்ய ராணுவத்தில் அதிகாரிகளின் பயிற்சிக்காக ஏற்கப்பட்ட போர் ஆட்டம் வரைபடம், பகடை, நடுவர் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் சேர்த்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடியவர்களுள் டேவ் ஆர்னெசன் என்பவர், ஒரு படைக்குப் பதில் ஒரே ஒரு ஆளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தால் என்னவாகும் என்று பிளாக்மூர் என்ற கற்பனை நிலத்தில் ஆடிப்பார்த்தார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் அதை விதிகளாக எழுத, இருவர் பெயராலும் 1974-இல் வெளிவந்ததே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். முதல் அச்சில் ஆயிரம் படிகளே போடப்பட்ட அந்த ஆட்டம், பிறகு வந்த வேடமேற்பு ஆட்டங்கள் அனைத்துக்கும் மூலமாயிற்று. அதை வெளியிட்ட நிறுவனத்தை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 1999-இல் ஹாஸ்ப்ரோ என்னும் பொம்மை நிறுவனம் விசார்ட்ஸையே வாங்கிக்கொண்டது.

வடிவமைப்பாளரின் கைத்திறன் முதலில் வெளிப்படும் இடம் பகடை. தாயக்கட்டையை உருட்டுபவர் விழுந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டுக் காயை நகர்த்துகிறார்; தாயம் விழாதவரை காய் இறங்காது. வேடமேற்பு ஆட்டத்தில் ஆடுபவர் முதலில் தம் எண்ணத்தைச் சொல்கிறார், பகடை அதற்குப் பதில் சொல்கிறது. இருபது முகங்கள் கொண்ட பகடையில் ஒவ்வொரு எண்ணும் விழும் வாய்ப்பு சரியாக 5 விழுக்காடு. ஆறு முகப் பகடை மூன்றைச் சேர்த்து உருட்டினாலோ நிகழக்கூடிய 216 சேர்க்கைகளில் 10, 11 ஆகிய நடுத்தரக் கூட்டுத்தொகைகள் தலா 27 முறை வர, 18 ஒரே ஒரு முறைதான் வரும். முதலாவது முறை எதையும் நம்பவிடாத உலகத்தையும், இரண்டாவது முறை சராசரி மனிதர்கள் நிறைந்து மாவீரர்கள் அரிதான உலகத்தையும் உண்டாக்குகின்றன. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், சாதகமான சூழலில் இருப்பவர் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் விதி செய்தார்கள். அதனால் 20 விழும் வாய்ப்பு 5-லிருந்து 9.75 விழுக்காடாக உயர்கிறது. ஆனால் ஆடுபவர் உணர்வது விழுக்காட்டை அன்று, முதல் பகடை கைவிட்டபின் இரண்டாவது உருண்டு நிற்கும்வரை நீளும் அந்த ஒரு கணத்தையே. கணக்கை உணர்ச்சியாக மாற்றும் இந்த ரசவாதத்துக்குக் கைதட்டுவோர் குறைவு, ஏனெனில் நன்றாக அமைந்த விதி கண்ணில் படுவதில்லை.

கைத்திறன் கண்ணில் படும் இடம் கதைநிலம். அதில் இந்தியா நெடுங்காலம் தவறாகவே படிக்கப்பட்டது. 1977-இல் வந்த அந்த ஆட்டத்தின் பூதவுரு நூலில் ராட்சசன் இடம்பெற்றான்: புலித்தலை, உடலில் மேனாட்டுச் செல்வரின் தளர்ந்த அங்கி, வாயில் புகைக்குழாய். அவனைக் கொல்ல மந்திரித்த குறுக்குவில் அம்பு வேண்டும் என்றும் விதி இருந்தது. இராவணனையும் பகாசுரனையும் இடும்பியையும் கூத்து மேடையில் பார்த்து வளர்ந்த எவருக்கும் அடையாளம் தெரியாத இந்த உருவுக்கு மூலம் இதிகாசமன்று. 1974-இல் ஒளிபரப்பான அமெரிக்கத் திகில் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதி. 1980-இல் வந்த தெய்வங்கள் பற்றிய நூலோ, இன்றும் கோயில்களில் பூசை பெறும் இந்தியத் தெய்வங்களுக்கு, அடிபட்டுக் குறையும் உயிர்ப்புள்ளிகளைக் கணக்கிட்டுப் பட்டியலிட்டது. அறியாமையே இவற்றுக்குக் காரணம் என்றால் அறிவு வந்ததும் தீர்ந்திருக்க வேண்டும்; அப்படியும் நிகழவில்லை. உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் எழுதிய மொழியியல் பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர், 1975-இல் ஐரோப்பியச் சாயலற்ற ஒரு பேருலகத்தை, அதற்கென ஒரு மொழியோடு, வியக்கத்தக்க முறையில் வடிவமைத்தார். அதே பார்க்கர் புனைபெயரில் நாஜி ஆதரவு நாவலொன்றை எழுதியவர் என்பது, அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பின் 2022-இல் அவர் படைப்புகளைப் பேணும் அறக்கட்டளையாலேயே உறுதிசெய்யப்பட்டது. பிறர் மரபை அறிவது ஒன்று. அம்மரபினரைத் தன் மேசையில் சமமாக உட்காரவைப்பது வேறு.

அந்த இரண்டாவது காரியத்தைத் தம் தொழில்வாழ்வின் மையமாகக் கொண்ட வடிவமைப்பாளர் அஜித் ஜார்ஜ். இந்திய வம்சாவளி அமெரிக்கரான அவருக்கும் பழைய தருமபுரி மாவட்டத்துக்கும் இருக்கும் தொடர்பு வியப்பளிப்பது. அவருடைய தந்தையும் கேரளத்தில் பிறந்தவருமான ஆபிரகாம் ஜார்ஜ், இந்திய ராணுவத்தில் பணியாற்றிப் பின் அமெரிக்காவில் தொழில் நடத்திய பின்னர், மிக வறிய குடும்பங்களின் குழந்தைகளுக்காக 1997-இல் ஓசூர் வட்டாரக் கிராமம் ஒன்றில் சாந்தி பவன் என்னும் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். பள்ளி தொடங்கியபோது அந்த இடமும் மொரப்பூரும் ஒரே மாவட்டம். ஏறத்தாழ நான்கு வயதில் சேர்க்கப்படும் குழந்தை உயர்கல்வி முடித்து வேலைக்குச் செல்லும்வரை துணைநிற்கும் அந்த நிறுவனத்தின் செயற்பாட்டு இயக்குநராகப் பணியாற்றிக்கொண்டே அஜித் ஜார்ஜ் ஆட்டங்களை எழுதிவந்தார். கைகாக்ஸ் 1968-இல் தொடங்கிய ஜென் கான் என்னும் ஆட்ட மாநாட்டில் வெள்ளையரல்லாதார் எவ்வளவு அரிதாகக் காணப்படுகிறார்கள், அங்கே அவர்கள் எப்படி அந்நியராக உணர்கிறார்கள் என்பதைப் பற்றி அவர் 2014-இல் எழுதிய கட்டுரை பரவலான விவாதத்தை எழுப்பியது. குறை சொல்லி எழுதியவரே பின்னர் அக்குறையைத் தீர்க்கும் நூலை வடிவமைக்கும் பொறுப்பையும் ஏற்க நேர்ந்தது இத்துறையில் அடிக்கடி நிகழ்வதன்று.

அதற்கு முன்னோட்டமாக அமைந்தது 2021 மே மாதம் வெளிவந்த திகில் கதைநிலத் தொகுப்பில் அவர் எழுதிய காளகேரி. ரேவன்லாஃப்ட் எனப்படும் அந்தத் திகில் உலகம் 1983-இல் டிரேசி, லாரா ஹிக்மன் இணையர் எழுதிய சாகசத்திலிருந்து வளர்ந்தது. அதில் ஒவ்வொரு நாடும் தன் கொடுங்கோலருக்கே சிறையாக மூடுபனி சூழ்ந்து நிற்கும். 1990-களில் அதில் இந்தியச் சாயலோடு ஸ்ரீ ராஜி என்ற ஒரு காட்டு நாடும், அதன் தலைவனாக அரிஜானி என்ற ராட்சசனும் இருந்தனர். அஜித் ஜார்ஜ் அந்த நாட்டைத் துடைத்தெறியவில்லை. பெயரை மாற்றி, அரிஜானியை வைத்துக்கொண்டு, அவனைச் சுற்றி ஒரு குடும்பத்தை எழுப்பினார். ரம்யா வாசவதன் மகாராணி. அரிஜானியும் ரீவாவும் அவளோடு வளர்ந்தவர்கள். அரியணைக்கு யார் என்பதில் மூண்ட பகை, சாவும் தீர்க்க முடியாத உள்நாட்டுப் போராக நீள்கிறது. மகாராணி இறந்தும் ஆள்கிறாள். உடன்பிறப்புகள் வீழ்ந்தும் திரும்புகிறார்கள்.

இந்தக் கதைநிலத்தின் நயம் அதன் திகில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் உள்ளது. பழைய நாட்டில் அச்சம் காட்டிலிருந்தும் புலித்தலையிலிருந்தும் வந்தது. காளகேரியில் அது பங்காளிச் சண்டையிலிருந்து வருகிறது. பாரதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும்: மூவருக்கும் உரிமை உண்டு, மூவருக்கும் குற்றமும் உண்டு, யார் பக்கம் சேர்ந்தாலும் கையில் இரத்தம் ஒட்டும். அந்நாட்டுக்குள் வந்து சேரும் ஆட்டக்காரர்கள் மூவரில் ஒருவருக்குப் படைக்கலம் ஏந்தும்படியோ தூது செல்லும்படியோ அழைக்கப்படும்போது, வடிவமைப்பாளர் சரியான விடை எதையும் எங்கும் ஒளித்துவைக்கவில்லை என்பதைச் சில மணி நேரத்தில் கண்டுகொள்கிறார்கள். விதுரரின் நிலையில் நிற்பதா, கர்ணனின் நிலையில் நிற்பதா என்று அவர்களே தேர்ந்துகொள்ள வேண்டும். பாரதத்தின் பாத்திரங்களைப் பெயர் மாற்றிக் கடன் வாங்காமல், பாரதம் எழுப்பும் தடுமாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டது தேர்ந்த கை செய்யும் வேலை.

காளகேரிக்குப் பின் அவர் முன்வைத்த யோசனை, ஒரு முழு நூலாக 2022 ஜூலையில் வெளிவந்தது. விசார்ட்ஸ் நிறுவனத்தின் எஃப். வெஸ்லி ஷ்னைடரோடு இணைந்து அவர் தலைமையேற்ற அந்த நூலின் பெயர் ஜர்னீஸ் த்ரூ த ரேடியண்ட் சிட்டடல். சுடரும் கோட்டை வழியான பயணங்கள் என்று தமிழில் சொல்லலாம். பதின்மூன்று தனித்தனிச் சாகசங்கள் கொண்டது. அரை நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வரலாற்றில், வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் மட்டுமே எழுதிய முதல் நூல். எல்லாச் சாகசங்களையும் கோக்கும் இழையாக, உலகங்களுக்கு இடைப்பட்ட மாயவெளியில், மாபெரும் ஒரு வைரத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் தொல்லுயிர் ஒன்றின் புதைபடிவத்தைக் குடைந்து கட்டிய நகரத்தை அஜித் ஜார்ஜ் உருவாக்கினார். அதை நிறுவியவை 27 நாகரிகங்கள். ஒவ்வொன்றுக்கும் நகரத்துக்கும் இடையே ஆட்களைச் சுமந்து செல்லும் ஒரு மணிக்கல் உண்டு. இடையில் நகரம் கைவிடப்பட்டு வழிகள் அறுந்துபோயின. மீண்டும் கண்டெடுக்கப்பட்டபின் 15 நாகரிகங்களோடு மட்டுமே தொடர்பு மீண்டிருக்கிறது. அகதிகளை மீட்டுவருவதற்கென்றே கேடயம் தாங்குவோர் என்ற ஓர் அமைப்பும் அங்கே உண்டு.

அறுந்த வழி என்பது மொரப்பூருக்கு வெறும் உவமையன்று. சென்னை–சேலம் இருப்புப்பாதையில் உள்ள அந்நிலையத்திலிருந்து 1906-இல் தருமபுரிக்கு ஒரு குறும்பாதை போடப்பட்டு, 1913-இல் ஓசூர்வரை நீண்டது. 1941-இல் அது நிறுத்தப்பட்டபின் மாவட்டத் தலைநகருக்கும் மொரப்பூருக்கும் இடையே ரயில் இல்லை. புதிய அகலப்பாதைத் திட்டம் பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பிறகே எடுத்துக்கொள்ளப்பட்டது. தண்டவாளம் பெயர்ந்தபின்னும் அது கிடந்த மண்மேடு ஊரார் நினைவில் வழியாகவே இருப்பது போல, சுடரும் கோட்டையிலும் தொலைந்த நாகரிகங்களின் இடம் அடைக்கப்படாமல் காலியாகக் காத்திருக்கிறது.

பதின்மூன்று சாகசங்களிலும் பொதுவாக ஒரு மாற்றம் தெரிகிறது. இந்த ஆட்டத்தின் பழைய வழக்கம், வெளியூர் வீரர்கள் ஒரு பாழ்நிலவறைக்குள் இறங்கி, அங்குள்ளதைக் கொன்று, பொன்னை அள்ளி வெளியேறுவது. இந்நூலில் வரும் நிலங்களில் மக்கள் வாழ்கிறார்கள், வருபவர் விருந்தினர். தென்கிழக்கு ஆசியச் சாயலுள்ள இரவுச் சந்தையில், இரு வணிகக் குடும்பங்களின் பழம்பகையை அவிழ்ப்பதே சுரேனா மேரி எழுதிய சாகசம். கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல், வங்கத்தின் ஆறுகளையும் சதுப்புக் காடுகளையும் நினைவூட்டும் நிலத்தில், வெள்ளம் கொண்டுபோன ஒருவரைத் தேடும் கதையை அமைத்தார். ஒவ்வொரு சாகசத்தோடும் அந்நிலத்தின் ஆட்சி, வழிபாடு, வழக்கம், பெயர்கள் ஆகியவற்றைச் சொல்லும் குறிப்பும், அயற்பெயர்களை எப்படி உச்சரிப்பது என்ற வழிகாட்டியும் உண்டு. பெயரைச் சரியாகச் சொல்லக் கற்பது விதிப்புத்தகத்தின் பகுதியானது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். புலித்தலையும் புகைக்குழாயும் இருந்த பக்கத்தை நினைத்தால் அதன் தொலைவு புரியும்.

எல்லாவற்றிலும் தருமபுரி வாசகரை நெருங்கிவருவது ஸ்டெஃபனி யூன் கொரியச் சாயலில் எழுதிய சாகசம். ஒரு நகரைக் காத்த வீராங்கனையின் செயல்கள் வரலாற்றிலிருந்து அழிக்கப்படுகின்றன. மறக்கப்பட்டவள் ஆவியாகித் திரும்பி நகரை அலைக்கழிக்கிறாள். வாளால் அவளை வீழ்த்திவிட முடியும், ஆனால் அவள் யார் என்பதைக் கண்டறிந்து அவளுக்குரிய இடத்தை நினைவில் மீட்பதே உண்மையான தீர்வு. ஊருக்காக விழுந்தவருக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்து வழிபட்ட நிலத்தில், நடப்படாத கல்லே பேயாகும் என்ற இக்கருத்துக்கு விளக்கம் தேவைப்படாது. எங்கோ ஒரு கொரியக் கற்பனை நகருக்கு எழுதிய சாகசம் தகடூர் மண்ணில் தானாகப் பொருந்துவது, வடிவமைப்பாளர்கள் உடையையும் உணவையும் மட்டும் எழுதாமல் உறவுகளின் எலும்புக்கூட்டை எழுதியிருப்பதற்குச் சான்று.

குறையும் உண்டு. ஒரே மாலையில் ஆடி முடிக்கக்கூடிய அளவுக்குச் சாகசங்கள் சுருக்கப்பட்டதால், தனி நூலைத் தாங்கக்கூடிய நிலங்கள் சில பக்கக் குறிப்புகளில் அடங்கிவிட்டன. சுடரும் கோட்டை தன்னளவில் மிகவும் இணக்கமான நகரம். பகை இல்லாத இடத்தில் கதை எங்கிருந்து எழும் என்று நடத்துநர் திகைக்க வாய்ப்புண்டு. காளகேரியில் ஒரு குடும்பத்துக்குள் அவ்வளவு பகையை அடைக்கத் தெரிந்த கை, இங்கே அடைக்கலம் தரும் ஊரைக் கட்டும் ஆசையில் அதைத் தளர்த்திவிட்டது போலும். தொழிலின் இயல்பையும் மறக்கலாகாது: இத்தகைய நூல்களை எழுதும் பலர் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒப்பந்த எழுத்தாளர்கள்; அவர்கள் படைத்த நிலமும் மனிதரும் நிறுவனத்தின் உடைமை. கூத்து வாத்தியாருக்கு ஊர் வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்யும். ஆட்ட வடிவமைப்பாளரின் பெயரோ பெரும்பாலும் முன்பக்கத்துச் சிறிய எழுத்துகளோடு நின்றுவிடுகிறது.

ஆயினும் அஜித் ஜார்ஜின் நூலில் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், எழுதப்படாத பன்னிரண்டு நாகரிகங்களைச் சுட்ட வேண்டும். 27-ஐ நிறுவி 15-ஐ மட்டும் எழுதியதன் மூலம், எஞ்சிய மணிக்கற்கள் எங்கே போயின, அந்நாடுகள் எவை என்ற கேள்விகளை அவர் ஆடுவோர் கையில் விட்டார். தகடூரைக் கதைநிலமாக்கி, காணாமற்போன மணிக்கல் ஒன்றை மொரப்பூரின் பழைய மண்மேட்டருகே கண்டெடுக்கும் ஆட்டத்தை ஒரு மாலையில் யாரேனும் தொடங்கினால், நூலின் எந்த விதியும் அவர்களைத் தடுக்காது. அதற்கான இடம் அங்கே முன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நடுகல் வீரன் மாடுகளை எவ்வழியே மீட்டான் என்று சொல்லாத கல்லைப் போலவே அந்த இடமும் வெறுமையாக நிற்கிறது. பேச வேண்டியவர்கள் மேசையைச் சுற்றி அமர்பவர்கள்.